21ஆம் குரோமோசோமின் மரபணுப் பாலை: குடல் அழற்சியின் ஒரு சுவிட்ச் பிடிபட்ட விதம்

நிகழ்வு

21ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் 21கியூ22 என்றொரு பட்டை உண்டு. அதற்குள், எந்தப் புரதத்துக்கும் குறிப்பு எழுதப்படாத வெற்றிடம் ஒன்று இருக்கிறது. மரபியலாளர்கள் இப்படிப்பட்ட இடத்தை ‘மரபணுப் பாலை’ என்பார்கள். அந்தப் பாலையில் டிஎன்ஏவின் ஓர் எழுத்து ஜி-யா, ஏ-யா என்பதைப் பொறுத்து ஐந்து நோய்களுக்கான வாய்ப்பு ஏறி இறங்குகிறது. குடலைத் தாக்கும் குரோன் நோய், பெருங்குடலைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைடிஸ், முதுகெலும்பை இறுக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ், பித்தநாளங்களில் தழும்பேற்றும் பிரைமரி ஸ்கிளீரோசிங் கொலாஞ்சைடிஸ், பெருந்தமனியைத் தாக்கும் டகயாசு அழற்சி என்பவை அந்த ஐந்து. ஐந்திலும் ஆபத்தைக் கூட்டுவது அதே எழுத்துதான்.

சிறு வயதில் தொடங்கும் குடல் அழற்சி நோயை ஆராய்ந்தவர்கள் 2008இல் இந்த இடத்தைச் சுட்டினார்கள். அது அழற்சியை எப்படி ஏற்றுகிறது என்ற விடை 2024 ஜூனில்தான் ‘நேச்சர்’ இதழில் வந்தது. லண்டனில் உள்ள பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தில் ஜேம்ஸ் லீ தலைமையிலான குழு அந்த வேலையைச் செய்தது. இடையில் 16 ஆண்டுகள் ஓடிவிட்டன. எழுத்திலிருந்து சுவிட்ச், சுவிட்சிலிருந்து மரபணு, மரபணுவிலிருந்து செல்லின் நடத்தை என்று மூன்று கண்ணிகளைத் தனித்தனியே நிறுவ வேண்டியிருந்தது. ஒன்றுக்கான சான்றை இன்னொன்றுக்குக் கணக்கு வைத்ததால்தான் இந்தத் துறையில் பல முடிவுகள் பின்னால் சரிந்தன. இந்த நிகழ்வைக் கண்ணி கண்ணியாகப் பிரித்துப் பார்ப்பதற்குக் காரணமும் அதுவே.

தாமதம் எங்கே விழுந்தது

குரோன் நோயோடு முதலில் உறுதியாகப் பிணைக்கப்பட்ட மரபணு நோட்2. ஆண்டு 2001. அங்கே மாற்றங்கள் புரதத்தின் எழுத்துகளிலேயே இருந்தன. பாக்டீரியாச் சுவரின் துணுக்கை உணர வேண்டிய புரதம் சரியாக உணரவில்லை என்று ஒரே தாவலில் சொல்ல முடிந்தது. அதன்பின் முழு மரபணுத்தொகுதியையும் சலித்த ஆய்வுகள் நூற்றுக்கணக்கான இடங்களைக் கொண்டுவந்து கொட்டின. ஆனால் இவ்வகை நோய்களில் பிடிபடும் இடங்களில் பெரும்பான்மை, ஏறத்தாழ 10க்கு 9, புரதக் குறிப்புக்கு வெளியே கிடக்கிறது. அங்கே எழுத்து மாறினால் புரதத்தின் வடிவம் மாறாது. எந்தச் செல்லில், எப்போது, எவ்வளவு தயாராகிறது என்பதுதான் மாறும்.

அளவு மட்டும் மாறினாலே நோய் வருமா என்று கேட்பவர்களுக்கு 1999இல் வெளிவந்த ஓர் எலிச் சோதனை நல்ல பதில். அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தின் மரபணுவில், வால்பகுதியில், அதன் ஆர்என்ஏவைச் சீக்கிரம் சிதைக்கச் சொல்லும் துண்டை மட்டும் நீக்கினார்கள். புரதத்தின் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆர்என்ஏ கூடுதல் நேரம் தங்கியது, டிஎன்எஃப் மிகுந்தது, எலிகளுக்குச் சிறுகுடலின் கடைப்பகுதியில் குரோன் நோயைப் போன்ற அழற்சியும் மூட்டழற்சியும் வந்தன.

21கியூ22-க்குத் திரும்புவோம். இங்கே முதல் சறுக்கல், அண்டை வீட்டுக்காரரையே குற்றவாளி என்று எழுதிவிட்டது. ஆபத்து எழுத்துக்கு மிக அருகில் உள்ள புரத மரபணு பிஎஸ்எம்ஜி1. சுமார் 80 கிலோபேஸ் (ஒரு கிலோபேஸ் ஆயிரம் எழுத்து) தள்ளி இருக்கிறது. புரதங்களை உடைக்கும் புரோட்டியசோம் எந்திரத்தைக் கட்டுவதற்கு அது துணை செய்கிறது. அழற்சியோடு முடிச்சுப் போட்டுவிடலாம் போலத் தோன்றும், ஆகவே அட்டவணைகளில் இந்த இடத்துக்கு நேராக அதன் பெயரே ஏறிவிட்டது. உண்மையான மரபணுவான ஈடிஎஸ்2, எதிர்ப்பக்கத்தில் சுமார் 290 கிலோபேஸ் தள்ளி இருந்தது.

இரண்டாவது சிக்கல், பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் தலைமுறை தலைமுறையாகக் கூட்டாகவே கைமாறுவது. நோயோடு ஒட்டிவரும் ஓர் எழுத்தைப் பிடித்தால் அதனோடு ஒட்டிய பல எழுத்துகளும் அதே அளவு சந்தேகத்துக்குரியவை. நோயாளிகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் கூட்டாளிகள் பிரிய மாட்டார்கள். 2017இல் குடல் அழற்சி நோயின் 94 இடங்களை நுணுக்கமாக அலசியபோது 139 தனித்த தொடர்புகள் கிடைத்தன. அவற்றில் 18 மட்டுமே 95 விழுக்காட்டுக்கு மேலான உறுதியோடு ஒற்றை எழுத்தில் போய் நின்றன. மீதிக்குப் புள்ளியியல் மட்டும் போதாது, செல்லிடமே கேட்டாக வேண்டும்.

ஐந்து நோய்களும் ஒரே எழுத்தைத்தான் சுட்டுகின்றனவா, அல்லது அருகருகே வெவ்வேறு எழுத்துகளா என்பதையும் முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு இணை-இருப்புக் கணிப்பு என்ற பேய்சியன் முறை உண்டு. இரண்டு சமிக்ஞைக்கும் காரணம் ஒரே எழுத்து என்பதற்கான நிகழ்தகவு 0.8-ஐத் தாண்டினால் ஏற்பது வழக்கம். ஆனால் இந்த முறையின் எளிய வடிவம், ஓர் இடத்தில் ஒரே ஒரு காரண எழுத்துதான் உண்டு என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. இரண்டு இருந்தால் பதில் நம்பிக்கையோடு தப்பாக வரும். கூட்டுக் கைமாற்ற அளவை வேறு மக்கள்தொகையிலிருந்து கடன் வாங்கிப் போட்டாலும் அதே கதி. 21கியூ22-இல் நோய்கள் பொதுவான ஒரே சமிக்ஞையையே காட்டின. அதே சமிக்ஞை மோனோசைட், மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களில் ஈடிஎஸ்2 கூடுதலாக வெளிப்படுவதோடும் பொருந்தியது. நோயின் ஆபத்து எழுத்து உள்ள இடத்தில் ஈடிஎஸ்2-உம் அதிகம். திசை பொருந்தியது என்பதை மனத்தில் வைத்துக்கொள்க. பின்னால் இது தேவைப்படும்.

எந்தச் செல், எந்த நிலை

மரபணுவை இயக்கும் தொலைதூரச் சுவிட்சை என்ஹான்சர் என்கிறார்கள். ஒரு என்ஹான்சர் எல்லாச் செல்லிலும் எரிவதில்லை. குரோமாட்டின் (டிஎன்ஏவும் அது சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களும் சேர்ந்த பொதி) திறந்திருக்கிறதா, ஹிஸ்டோன் 3-இன் 27ஆம் லைசினில் அசிட்டைல் குறி ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் அது எங்கே விழித்திருக்கிறது என்பது தெரியும். 21கியூ22-இன் சுவிட்ச் மோனோசைட்டிலும், மோனோசைட் முதிர்ந்து உருவாகும் மேக்ரோஃபேஜிலும் விழித்திருந்தது.

மேக்ரோஃபேஜ் என்பது கிருமிகளையும் சிதைந்த செல்களையும் விழுங்கும் காவல் செல். குடலில் உள்ளவற்றில் பெரும்பகுதியை இரத்தத்திலிருந்து வரும் மோனோசைட்டுகள்தான் தொடர்ந்து நிரப்புகின்றன. அமைதியான குடலில் அவை சாதுவாக முதிர்ந்து, விழுங்கினாலும் கூச்சல் போடாத செல்களாகின்றன. அழற்சி உள்ள குடலில் முதிர்ச்சி பாதியில் நின்றுவிட, டிஎன்எஃப், ஐஎல்-1பீட்டா, ஐஎல்-23 போன்ற சைட்டோகைன்களை, அதாவது செல்களுக்கிடையே செய்தி சொல்லும் புரதங்களை, வாரி இறைக்கின்றன.

இதனால் எந்த நிலையில் உள்ள செல்லைச் சோதிக்கிறோம் என்பதே பாதி விடையைத் தீர்மானித்துவிடும். கிரிக் குழு டிஎன்எஃப், புரோஸ்டாகிளாண்டின் இ2, பாம்3சிஎஸ்கே4 என்ற மூன்றின் கலவையில் மேக்ரோஃபேஜ்களை வளர்த்தது. மூன்றாவது, பாக்டீரியாவின் கொழுப்புப் புரதத்தைப் போலச் செய்த செயற்கை மூலக்கூறு. பாக்டீரியாச் சுவரின் நச்சான எண்டோடாக்சினை வெறும் ஒருநாள் கொடுக்கும் அடியைவிட, நாள்பட்ட அழற்சியின் செல்லுக்கு இந்தக் கலவை நெருக்கமானது.

சோதனைக்கூடத்தில் கை வழுக்கும் இடங்கள் இங்கேதான் மிகுதி. 50 மில்லி இரத்தத்திலிருந்து ஏறத்தாழ 50 இலட்சம் முதல் 1 கோடி மோனோசைட்டுகள் கிடைக்கும். சில நாள் வளர்ப்பில் அதில் கணிசமான பங்கு செத்துவிடும். நான்கு சோதனைகளுக்குத் திட்டமிட்டவர் இரண்டோடு நிற்க நேரும். அடுத்தது எண்டோடாக்சின் அசுத்தம். மனித மோனோசைட் மில்லிக்குச் சில பத்து பிக்கோகிராம் எண்டோடாக்சினுக்கே விழித்துக்கொள்ளும். வளர்ப்பு ஊடகமோ சீரமோ மாசுபட்டிருந்தால் ‘ஓய்வு நிலை’ என்று பெயரிட்ட கிண்ணத்தில் ஓய்வே இருக்காது. தூண்டிய கிண்ணத்துக்கும் தூண்டாத கிண்ணத்துக்கும் இடைவெளி குறைந்து, ‘இந்த மரபணுவுக்கு இதில் பங்கில்லை’ என்ற தவறான முடிவு வரும். ஒட்டிக்கொண்ட மேக்ரோஃபேஜைப் பிரித்தெடுப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். டிரிப்சின் நொதி மேற்பரப்புப் புரதங்களைச் சிதைக்கும். குளிர்ந்த உப்புக் கரைசலில் ஈடிடிஏ கலந்து, பனிக்கட்டிமேல் வைத்து மெதுவாக எடுப்பதே மேல்.

சரி, புற்றுசெல் வழிவந்த, அழியாமல் பெருகும் டிஹெச்பி-1 போன்ற செல்வரிசையை ஏன் பயன்படுத்தக் கூடாது? பயன்படுத்தலாம், வேலையும் எளிது. ஆனால் அதன் குரோமாட்டின் அமைப்பு இரத்தத்திலிருந்து எடுத்த மேக்ரோஃபேஜின் அமைப்பு அல்ல. எலியும் முழுமையாக உதவாது. புரதக் குறிப்புகள் எலிக்கும் மனிதருக்கும் நெருக்கம். பாலைநிலச் சுவிட்சுகள் பல இடங்களில் விலகிப் போய்விட்டன. இந்த நிகழ்வில் விடை கிடைத்ததற்குப் பெரிய காரணம், மனித இரத்தத்திலிருந்து நேராக எடுத்த செல்லிலேயே எல்லாவற்றையும் செய்யத் துணிந்தது என்பது எங்கள் கணிப்பு.

முதல் கண்ணி: எழுத்திலிருந்து சுவிட்ச்

சந்தேகத்துக்குரிய எழுத்துகளில் எது வேலை செய்கிறது என்று அறிய, ஒவ்வொரு எழுத்தையும் சுற்றிய டிஎன்ஏ துண்டை இரண்டு வடிவிலும் தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளக் குறியீடு ஒட்டி, ஆயிரக்கணக்கில் ஒரே கிண்ணத்துச் செல்களுக்குள் செலுத்துவார்கள். எந்தக் குறியீட்டின் ஆர்என்ஏ அதிகம் வருகிறதோ அந்தத் துண்டு வலிமையான சுவிட்ச். இதில் ஒரு குறை உண்டு. துண்டு குரோமோசோமில் இல்லை, தனி வளையத்தில் இருக்கிறது. குரோமாட்டின் அதற்குப் பொருந்தாது. மேலும் மேக்ரோஃபேஜுக்குள் வெளி டிஎன்ஏ நுழைந்தால் கிருமி புகுந்ததாக எண்ணி, வைரஸ் எதிர்ப்புக்கான இன்டர்ஃபெரான் பாதையைக் கிளப்பும். அது தணியாத நேரத்தில் அளந்தால், நாம் அளப்பது நோயின் சுவிட்சை அல்ல, சோதனையின் எதிரொலியை.

கூடுதல் வலிமையோடு நின்றது ஆர்எஸ்2836882 என்ற எழுத்து. அதன் ஜி வடிவம் அதிக ஆர்என்ஏவைத் தந்தது. அந்த இடம் பியூ.1 என்ற புரதம் வந்து அமரும் இடத்துக்குள் விழுகிறது. பியூ.1 மோனோசைட், மேக்ரோஃபேஜ் வம்சத்தின் தலைமைப் புரதங்களில் ஒன்று. மூடிய குரோமாட்டினைத் திறந்து மற்றப் புரதங்களுக்கு வழிவிடும். வியப்பு என்னவென்றால், இந்த எழுத்து பியூ.1 வழக்கமாகத் தேடும் எழுத்துக் கோர்வைக்குள் இல்லை. கோர்வை பார்க்கும் கணினி நிரல் மட்டும் ஓட்டியிருந்தால் ‘பாதிப்பில்லை’ என்று வந்திருக்கும். ஆனால் இரண்டு வடிவமும் கொண்ட செல்லில் நேரடியாகப் பார்த்தபோது, ஜி இருக்கும் குரோமோசோமில் பியூ.1 நான்கு மடங்குக்கும் மேலாக அமர்ந்திருந்தது.

இந்த ‘இரண்டு வடிவமும் ஒரே செல்லில்’ என்ற உத்தியைச் சற்று அருகே சென்று பார்க்கலாம். ஒருவரிடம் தாய்வழி ஜி, தந்தைவழி ஏ என்று இரண்டும் இருந்தால், இரண்டும் ஒரே கருவுக்குள், ஒரே சூழலில் இருக்கின்றன. வயது, உணவு, மருந்து, கைபட்ட விதம் எல்லாம் இரண்டுக்கும் பொது, ஆகவே கழிந்துபோகும். எழுத்துக்குப் பாதிப்பில்லை என்றால், டிஎன்ஏ துண்டுகளை ஒவ்வொன்றாகப் படித்து எண்ணும் வாசிப்புகள் சரிபாதி வர வேண்டும்.

கற்பனையாக ஒரு கணக்கு. 80 வாசிப்புகள் கிடைத்தன. 52 ஜி, 28 ஏ. சரிபாதியிலிருந்து இவ்வளவு விலகல் தற்செயலாக வரும் வாய்ப்பு சுமார் 0.01. நல்ல முடிவு போலத் தெரிகிறது. இப்போது, பிசிஆர் பெருக்கத்தில் ஒரே மூலக்கூறிலிருந்து பிறந்த நகல்களை நீக்குகிறோம். ஜி பக்கம் 12 நகல்கள் கழிந்தன என்று வையுங்கள். மிச்சம் 40 ஜி, 28 ஏ. வாய்ப்பு சுமார் 0.18-க்கு ஏறிவிட்டது, முடிவு காணாமல் போனது. இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒப்பீட்டு மரபணுத்தொகுதியில் எழுதியிருக்கும் வடிவத்தைத் தாங்கிய வாசிப்பு எளிதாகப் பொருந்தும். மற்றொரு வடிவத்துக்குத் தொடக்கத்திலேயே ஒரு பிழைக் கணக்கு ஏறிவிடும். எல்லையில் உள்ள வாசிப்புகள் தள்ளப்படும். இதைச் சரிசெய்ய, ஒவ்வொரு வாசிப்பிலும் எழுத்தை மாற்றிப்போட்டு மறுபடி பொருத்திப் பார்த்து, வேறிடம் போகும் வாசிப்புகளை இரண்டு பக்கத்திலும் தள்ளிவிட வேண்டும். இந்த இரண்டு துப்புரவும் செய்யாத ஒருபக்க விலகலை நம்பத் தேவையில்லை.

திறந்த குரோமாட்டினை அளக்கும் அடாக் முறைக்கு 50,000 செல் போதும். டிரான்ஸ்போசேஸ் நொதியோடு 37 பாகை செல்சியஸில் 30 நிமிடம். செத்த செல்கள் கலந்தால் காவலற்ற டிஎன்ஏ எங்கும் வெட்டுப்பட்டு, படம் முழுக்க இரைச்சல் ஏறும். சாவு மிகுந்த தொகுதியை முதலில் டிஎன்ஏஸ் நொதியால் கழுவிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். 21கியூ22-இல் அடாக்கும் பியூ.1-உம் ஒரே பக்கம் சாய்ந்தன. அசிட்டைல் குறியும் இரட்டை ஜி உள்ளவர்களின் மேக்ரோஃபேஜில் கூடுதலாக இருந்தது. முதல் கண்ணி இறுகியது.

இரண்டாம் கண்ணி: சுவிட்சிலிருந்து மரபணு

சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று அறிய ஒரே வழி, சுவிட்சைக் கழற்றிப் பார்ப்பது. கிரிஸ்பர் முறையில் காஸ்9 கத்தரியை இரண்டு வழிகாட்டி ஆர்என்ஏக்களோடு அனுப்பி, 2 கிலோபேஸுக்குச் சற்றுக் குறைந்த அந்தத் துண்டை மோனோசைட்டிலிருந்தே வெட்டி எடுத்தார்கள். பின்னர் அந்தச் செல்களை அழற்சி மேக்ரோஃபேஜாக வளர்த்தபோது ஈடிஎஸ்2 குறைந்தது. அருகிலிருந்த பிஎஸ்எம்ஜி1 போன்றவை அசையவில்லை.

ஓர் எழுத்தை மட்டும் மாற்றாமல் முழுத் துண்டையும் ஏன் வெட்ட வேண்டும்? மோனோசைட் இரண்டாகப் பிரிந்து பெருகாத செல். அச்சு டிஎன்ஏவைப் பார்த்து எழுத்தைத் திருத்தும் பழுதுபார்ப்பு வழி, பிரியும் செல்லில்தான் நன்றாக ஓடும். வெட்டி ஒட்டும் வழிதான் இங்கே கைகொடுக்கும். ஆகவே இந்தச் சோதனை சொல்வது ‘இந்தச் சுவிட்ச் ஈடிஎஸ்2-க்கு உரியது’ என்பதை மட்டுமே. ‘ஜி எழுத்து ஈடிஎஸ்2-ஐக் கூட்டுகிறது’ என்ற கூற்று முதல் கண்ணியின் சான்றையும் திசைப் பொருத்தத்தையும் சேர்த்தே நிற்கிறது. கட்டுரைகளைப் படிக்கும்போது இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுவதை அடிக்கடி பார்க்கலாம்.

இதைச் செய்ய முனைபவர்களுக்குச் சில குறிப்புகள். காஸ்9-ஐப் பிளாஸ்மிட் என்ற டிஎன்ஏ வளைய வடிவில் அனுப்பினால் மேக்ரோஃபேஜ் டிஎன்ஏவைக் கண்டு கொதிக்கும். புரதமும் வழிகாட்டியும் சேர்ந்த கூட்டாக, மின்துடிப்பில் செலுத்துவதே நல்லது. இரண்டு வெட்டும் நடந்தால் எப்போதும் துண்டு போய்விடும் என்பதில்லை. சில செல்களில் துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொள்ளும், சிலவற்றில் இரு முனையிலும் சிறு காயம் மட்டும் ஆறி நடுப்பகுதி அப்படியே நிற்கும். எவ்வளவு வெட்டுப்பட்டது என்று சாதாரண பிசிஆர் பட்டையைப் பார்த்து முடிவு செய்தால் ஏமாறுவோம். வெட்டுப்பட்டு நீளம் குறைந்த துண்டுதான் வேகமாகப் பெருகும், உண்மையைவிட அதிகம் வெட்டியதாகக் காட்டும். துளிதுளியாகப் பிரித்து எண்ணும் டிஜிட்டல் பிசிஆரில்தான் விகிதம் சரியாகத் தெரியும்.

விகிதம் ஏன் அவ்வளவு முக்கியம்? ஈடிஎஸ்2 வெளிப்பாட்டில் பாதியை இந்தச் சுவிட்ச் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். குரோமோசோம்களில் 60 விழுக்காட்டில் மட்டும் வெட்டு விழுந்தால், கிண்ணம் முழுதையும் அரைத்து அளக்கும்போது 30 விழுக்காடு இறக்கம்தான் தெரியும். கொடையாளருக்குக் கொடையாளர் வேறுபாடு அதே அளவு இருக்கும், சமிக்ஞை அதில் மூழ்கிவிடும். ஒவ்வொரு கொடையாளரையும் அவருடைய சொந்தக் கட்டுப்பாட்டோடு (சுவிட்சை வெட்டாத ஒப்பீட்டுச் செல்களோடு) இணை சேர்த்தே ஒப்பிட வேண்டும். கட்டுப்பாடும் எதையும் வெட்டாத வழிகாட்டியாக இருந்தால் போதாது. டிஎன்ஏ வெட்டுப்படுவதே செல்லுக்கு ஒரு அதிர்ச்சி. எந்த மரபணுவையும் பாதிக்காத வேறோர் இடத்தில் வெட்டும் வழிகாட்டி இருந்தால்தான் அந்த அதிர்ச்சி இரு பக்கமும் சமமாகும்.

ஆர்என்ஏவை அளக்கும் படியில் ஒரு பழைய பழக்கம் இந்த மரபணுவில் தனியாகக் கெடுதல் செய்யும். ஒப்பீட்டு மரபணுவாக ஜிஏபிடிஹெச்-ஐப் போடுவது அது. ஜிஏபிடிஹெச் சர்க்கரையைச் சிதைக்கும் பாதையின் நொதி. அழற்சி மேக்ரோஃபேஜ் அந்தப் பாதையைத்தான் முடுக்கும். ஈடிஎஸ்2-உம் அதில் கைவைக்கிறது. அளவுகோலே நீண்டு சுருங்கினால் துணியின் நீளம் எப்படித் தெரியும்? டிபிபி, ஹெச்பிஆர்டி1 போன்ற இரண்டு மரபணுக்களாவது வைத்து, அவை தூண்டலில் அசையவில்லை என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் கண்ணி: மரபணுவிலிருந்து நடத்தை

ஈடிஎஸ்2 மற்ற மரபணுக்களை இயக்கும் புரதம். அதை மேக்ரோஃபேஜில் உடைத்தபோது ஐஎல்-6, ஐஎல்-8, ஐஎல்-1பீட்டா சுரப்பு குறைந்தது. விழுங்கும் திறனும், கிருமியைக் கொல்ல ஆக்சிஜன் தீவிரமூலக்கூறுகளை உமிழும் திறனும் தளர்ந்தன. தலைகீழாக, ஓய்வில் இருந்த மேக்ரோஃபேஜுக்குள் ஈடிஎஸ்2-இன் ஆர்என்ஏவைச் செலுத்தியபோது, அளவு கூடக் கூட அழற்சி மரபணுக்களும் கூடின. டிஎன்எஃப், ஐஎல்-23 என, இன்று மருந்துகள் குறிவைக்கும் பல மூலக்கூறுகள் ஒன்றாக எழுந்தன. கட்டுப்பாடாக, ஈடிஎஸ்2-இன் எழுத்துகளையே எதிர்வரிசையில் புரட்டிய ஆர்என்ஏவைப் போட்டார்கள். நீளம் அதே, புரதம் மட்டும் வராது. வெளி ஆர்என்ஏ நுழைந்ததாலேயே எழும் கொதிப்பைக் கழிக்க இது நேர்த்தியான ஏற்பாடு.

உடைத்தால் தணிவதும், ஊட்டினால் கொதிப்பதும் இரண்டும் வேண்டும். உடைத்தல் மட்டும் செய்தால் ‘செல் நலம் குன்றியதால் சுரப்பு குறைந்தது’ என்ற மாற்று விளக்கம் நிற்கும். ஊட்டல் மட்டும் செய்தால், இயற்கையில் ஒருபோதும் எட்டாத அளவைத் திணித்துப் பெற்ற செயற்கை விளைவு என்று தள்ளலாம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சென்றால் இரண்டு ஐயமும் ஒருசேரப் பலமிழக்கும்.

ஈடிஎஸ்2 இயக்கும் மரபணுக்களின் பட்டியலை நோய்த் திசுவோடு ஒப்பிட்டபோது அவை அங்கே மேலோங்கியிருந்தன. குடல் அழற்சியோடு பிணைந்த மற்ற மரபணு இடங்களும் இந்தப் பட்டியலில் எதிர்பார்ப்புக்கு மேல் குவிந்திருந்தன. ஒற்றை இடத்தின் புதிரை அவிழ்க்கப் போய், பல இடங்கள் வந்து சேரும் ஒரு சந்திப்பு கிடைத்தது என்பதே இந்த நிகழ்வின் எடை.

மருந்து என்ற பக்கம்

ஈடிஎஸ்2-ஐ நேராகத் தடுக்கும் மருந்து இல்லை. எனவே, ஆயிரக்கணக்கான மூலக்கூறுகள் செல்களின் ஆர்என்ஏவை எப்படி மாற்றுகின்றன என்ற தரவுத்தளத்தில், ஈடிஎஸ்2-ஐ உடைத்தால் வரும் மாற்றத்தை எது ஒத்திருக்கிறது என்று தேடினார்கள். முன்னே வந்தது மெக் தடுப்பான்கள் என்ற வகை. மேற்பரப்பு ஏற்பியிலிருந்து ராஸ், ராஃப், மெக், எர்க் என்று செய்தி இறங்கி, எர்க் ஈடிஎஸ்2-இன் 72ஆம் த்ரியோனினில் பாஸ்பேட் ஏற்றி அதை முடுக்குகிறது என்பது முன்பே தெரிந்த வேதியியல். ஆகவே தேடல் தந்த விடை தற்செயலானதல்ல. மேக்ரோஃபேஜிலும், நோயாளிகளின் குடலிலிருந்து எடுத்து வளர்த்த பயாப்சித் துணுக்கிலும் மெக் தடுப்பான் அழற்சியைத் தணித்தது.

இங்கேதான் நிதானம் வேண்டும். மெக்கைத் தடுத்தால் டிஎன்எஃப் குறைவது ஈடிஎஸ்2 வழியாக மட்டும் நடக்க வேண்டிய அவசியமில்லை. மேக்ரோஃபேஜில் டிபிஎல்2 என்ற நொதி வழியாக எர்க் முடுக்கப்பட்டு, டிஎன்எஃப் உற்பத்தியை ஆர்என்ஏ நிலையிலேயே தாங்குவது 2000ஆம் ஆண்டிலிருந்தே தெரியும். மருந்தின் விளைவில் ஈடிஎஸ்2-இன் பங்கு எவ்வளவு என்று பிரிக்க, ஈடிஎஸ்2 உடைத்த செல்லிலேயே மருந்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். அங்கே மேலும் இறங்கினால், இறங்கும் அளவு வேறு வழிகளின் பங்கு.

பயாப்சி வளர்ப்பிலும் கவனம் தேவை. துணுக்கு ஒரு நாளைத் தாண்டினால் மேற்புறச் செல்கள் உதிரத் தொடங்கும், ஆகவே காலம் குறைவு. ஒரு துணுக்கு மற்றொன்றைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருப்பது சாதாரணம். எடையாலோ டிஎன்ஏ அளவாலோ வகுக்காத சைட்டோகைன் எண் எதையும் சொல்லாது. புண்ணின் விளிம்பிலிருந்து ஒன்றும், ஆறிய இடத்திலிருந்து மற்றொன்றும் எடுத்துவிட்டு மருந்தின் வெற்றி என்று எழுதுவது எளிதில் நடக்கும் தவறு.

மெக் தடுப்பான்கள் புதியவை அல்ல. டிராமெடினிப் 2013 முதல் மெலனோமா என்ற தோல் புற்றுக்கு வழக்கில் இருக்கிறது. தோல் தடிப்பு, வயிற்றுப்போக்கு, விழித்திரைக்கு அடியில் நீர் கோப்பது, இதயத்தின் இறைப்புத் திறன் குறைவது ஆகியவை அதன் தெரிந்த பக்கவிளைவுகள். புற்றுக்கு ஏற்கலாம், இருபது வயதில் தொடங்கி ஆயுள் முழுக்க நீளும் நோய்க்கு அந்தப் பேரம் கசக்கும். போதாததற்கு, குடலின் உள்தோல் காயம் ஆறுவதும் எர்க் வழியை நம்பியிருக்கிறது. மேக்ரோஃபேஜை அடக்கப் போய், புண் ஆறுவதைத் தாமதப்படுத்தினால் மருந்து தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்ளும். மருந்தை மேக்ரோஃபேஜுக்கு மட்டும் கொண்டுசேர்க்கும் வழிகளைத் தேடுவதற்கு இதுவே காரணம்.

95 விழுக்காடு என்ற எண்

ஆய்வு வெளியானபோது, குடல் அழற்சி நோயாளிகளில் 95 விழுக்காட்டினரிடம் இந்த ஆபத்து வடிவம் இருக்கிறது என்ற வரி செய்திகளில் பரவியது. எண் தவறல்ல, ஆனால் தனியே நின்றால் தவறான பொருள் தரும். ஐரோப்பிய வம்சாவளியில் இந்த இடத்தின் ஜி வடிவம் ஏறத்தாழ 4 குரோமோசோமில் 3-இல் இருக்கிறது. ஒருவரிடம் இரண்டு குரோமோசோம். இரண்டிலும் ஏ-யே இருக்கும் வாய்ப்பு 0.25 பெருக்கல் 0.25, அதாவது சுமார் 6 விழுக்காடு. மிச்சம் 94 விழுக்காட்டினரிடம் குறைந்தது ஒரு ஜி உண்டு. இது நோயே இல்லாத பொதுமக்களின் கணக்கு. 94-ஐயும் 95-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த எழுத்தைச் சோதித்து ஒருவருக்கு நோய் வருமா என்று சொல்ல முடியாது என்பது உடனே விளங்கும்.

ஜி-யைப் பிறழ்வு என்று அழைப்பதும் பொருந்தாது. அது மிகப் பழையது. நியாண்டர்தால் மனிதர்களின் டிஎன்ஏவிலும் அது காணப்படுகிறது. கிருமிகளை வேகமாக எதிர்க்கும் மேக்ரோஃபேஜ் ஒரு காலத்தில் உயிர் காத்திருக்கும் என்பது நியாயமான ஊகம். ஏ வடிவம் சற்று அடங்கிய சுவிட்ச்.

இந்த எண்ணுக்கு நடைமுறை விளைவு ஒன்று உண்டு. மெக் வழி மருந்துக்கு நோயாளிகளைத் தேர்ந்தெடுக்க மரபணு வடிவம் உதவாது. எல்லோருமே உள்ளே வந்துவிடுவார்கள். தேர்வுக்குப் பயன்படக்கூடியது திசுவில் ஈடிஎஸ்2 இயக்கும் மரபணுக்களின் ஆர்என்ஏ அளவு. ஆனால் புண்ணான குடலில் மேக்ரோஃபேஜ்களின் எண்ணிக்கையே அதிகம். துணுக்கை மொத்தமாக அரைத்து அளந்தால், ஒவ்வொரு செல்லும் கூடுதலாக எரிகிறதா, அல்லது எரியும் செல்கள் கூடுதலாக வந்து குவிந்தனவா என்று பிரிக்க முடியாது. மருந்துக்கு முன்னும் பின்னும் குடலின் ஒரே பகுதியில் எடுத்த துணுக்கைத் தனிச்செல் அளவில் பிரித்து, மேக்ரோஃபேஜ்களுக்குள் மட்டும் அந்தப் பட்டியலை எண்ண வேண்டும். சிகிச்சையில் புண் ஆறும்போது மேக்ரோஃபேஜ்கள் வெகுவாகக் குறையும் என்பதால், இரண்டாவது பயாப்சியில் எண்ணுவதற்குப் போதிய செல் கிடைக்க, முதலில் எடுத்ததைவிடக் கூடுதல் துணுக்குகளுக்குத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டியிருக்கும்.